கஸ்பாரிடமிருந்து விழுந்தவை

சிப்பிக்கரையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. நண்டுக் கம்பெனியில் பதினான்கு வருடம் ஜெசிந்தாவுக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து நண்டுச் சதை பிரித்த லில்லி என்ற பெண், அந்த வேலையை விட்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்தபின் இரண்டு மழைக்காலங்களில் துண்டு துண்டாகச் சொன்னது இது. அவள் கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். பிரிக்க முடியாத இடங்களில் அவள் சொன்னபடியே விட்டுவிட்டேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிற்பாடு நானே போய்ப் பார்த்தேன்.

சிப்பிக்கரையில் முந்நூறு வீடுகள், ஒரு ஐஸ் கம்பெனி, ஒரு நண்டுக் கம்பெனி, கடலைப் பார்த்து நிற்கும் ஓர் அந்தோணியார் கோயில். காணாமல் போனதை அந்தோணியாரிடம்தான் கேட்க வேண்டும் என்பது அந்தக் கரைக்கெல்லாம் தெரிந்த வழக்கம். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, தொலைந்த பொருளின் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் பலிக்காது. பொருள் கிடைத்துவிட்டால் ஏழைக்கு ரொட்டி கொடுக்க வேண்டும். ஊருக்குள் யாராவது ரொட்டிப் பொட்டலத்தோடு போனால், என்ன கிடைத்தது என்றுதான் எதிரில் வருகிறவர்கள் கேட்பார்கள்.

கஸ்பார் ஜெசிந்தாவின் தம்பி. இருபத்துநான்கு வயதில் விசைப்படகில் வலை இழுக்கும்போது வின்ச்சில் தோள் சிக்கியது. தோள் ஆறியது, ஆனால் தோளுக்குக் கொடுத்த வலி மாத்திரை அவனை விடவில்லை. ஒன்று நான்காகி, நான்கு பத்தாகி, மருந்துக்கடையில் கிடைக்காததை ஹைவேயில் விற்கிறவர்களிடம் வாங்கி, விழுங்கியது போதாமல் ஊசியில் ஏற்றி, இருபத்தொன்பது வயதில் அவன் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உடைந்து கிடந்த ஒரு வள்ளத்துக்குள் படுத்துக் கிடந்தான். ஊர் அவன் பேரை எடுத்துவிட்டு ‘மாத்திரை’ என்று வைத்தது. வீட்டில் வைத்துக்கொள்ள ஜெசிந்தா மூன்று தடவை முயன்றாள், மூன்று தடவையும் அவனே போய்விட்டான். அதன் பிறகு தினமும் கம்பெனி விட்டதும் ஒரு தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் வள்ளத்துக்குள் வைத்துவிட்டு வருவாள்.

அவன் மேல் கை வைப்பது சிப்பிக்கரையில் ஒரு குற்றமாக இருந்ததில்லை. ஊசி போட்ட இரண்டு மணி நேரத்துக்கு அவனால் தன் மேல் உட்காரும் ஈயைக்கூட ஓட்ட முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. திருட வருகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் வந்தார்கள். போர்வையை உருவினார்கள், செருப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கிழிந்த வலை பொத்தி வாங்கிய கூலியைச் சட்டைப்பையோடு கிழித்துப் போனார்கள். மாத்திரை விற்றவர்களே பத்தடி தள்ளி ஆள் வைத்து அதைத் திரும்பப் பிடுங்கினார்கள். லாரிக்காரர்கள் அவனை ஆடச் சொல்லிப் படம் எடுத்தார்கள், ஆடாதபோது முன்பல் இரண்டை உடைத்தார்கள். ஜெசிந்தாவின் ஞாபகத்தில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதினோரு தடவை.

பல் போன அன்று அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே புகார் எழுதுகிற ஏட்டை எல்லாரும் ‘ரைட்டர்’ என்று கூப்பிடுவார்கள். மனு வாங்கியதற்கு ஒரு ரசீது கொடுப்பது அவர் வேலை. அந்த ரசீது இருந்தால்தான் ஒரு மனிதனுக்கு ஒன்று நடந்ததாக அரசாங்கம் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அவர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“ஏம்மா, மாத்திரை போடுறவன்கிட்ட களவு எடுக்க என்னம்மா இருக்கு?”

“போர்வை சார். ரெண்டு பல்லு சார்.”

“பல்லுக்கு ரசீது கேட்டு வந்த மொத ஆளு நீதான்” என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு படகுகளின் சொந்தக்காரரும் ஊர்க் கமிட்டித் தலைவருமான ரீகன் மச்சாது தன் போனைக் காணாமல் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் வந்து, வள்ளத்திலிருந்து கஸ்பாரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, “எலே, என் போன் எங்கல?” என்று கேட்டு ஓங்கி ஒரு அறை விட்டார். கஸ்பாரின் இடது அக்குளிலிருந்து, பழுத்த பழம் காம்பை விடுவதைப் போல, போன் நழுவி மணலில் விழுந்தது. விழுந்து கிடந்தபடியே அடித்தது. ரீகன் எடுத்துப் பேசினார். யாரும் ஆச்சரியப்படவில்லை. திருடனை அடித்தார்கள், திருடிய பொருள் விழுந்தது, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் நின்றிருந்த முப்பது பேரும் நினைத்தார்கள்.

பக்கத்தில் நின்ற ரீகனின் மைத்துனர், சும்மா போவானேன் என்று, “என் மோதிரத்தையும் நீதான எடுத்த?” என்று சிரித்துக்கொண்டே இன்னொன்று போட்டார். அவருடைய கல்யாண மோதிரம் விழுந்தது. அந்த மோதிரம் பதினெட்டு வருடத்துக்கு முன் நடுக்கடலில் வலை வாங்கும்போது அவர் விரலிலிருந்து கழன்று தண்ணீருக்குள் போனது, போனதைப் பார்த்த மூன்று பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மோதிரத்தின் மேல், கடலடியில் கிடப்பவற்றில் ஒட்டி வளரும் கொட்டலசு பிடித்திருந்தது. அந்த வருடம் கஸ்பார் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். மைத்துனர் மோதிரத்தை வேட்டியில் துடைத்து விரலில் போட்டுப் பார்த்துவிட்டு, “கடல்ல போனதக்கூட விட்டு வைக்கல பாருங்க, களவாணிப் பய” என்றார். நின்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பூட்டுச் சாவியும், ஒரு வெள்ளிக் கொலுசும், ரேஷன் கார்டு ஒன்றும், ஜெசிந்தாவின் மாமியார் சலேத்தம்மாளின் தகப்பனாருடைய பல்செட்டும் விழுந்துவிட்டன. சலேத்தம்மாளின் தகப்பனார் கஸ்பார் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே இறந்தவர். நண்டுக் கம்பெனியில் கையுறையோடு உட்கார்ந்தபடி ஜெசிந்தா அதைச் சொன்னாள்; பிறக்காத பிள்ளை எப்படிப் பல்செட்டைத் திருடும் என்று மேசை முழுக்கக் கேட்கக் கேட்டாள். மேசையில் இருந்தவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, போன பிறப்பில் எடுத்திருப்பான் என்றார்கள். கிறிஸ்தவர்களுக்குப் போன பிறப்பு என்று ஒன்று கிடையாது என்று சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் திருத்தினார். மற்றதைத் திருத்தவில்லை.

ஒரு மாதத்துக்குள் அது ஊரின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கமிட்டி கூடி விதிகள் போட்டது. செவ்வாய்க்கிழமை மட்டும், பூசை முடிந்த பிறகு மட்டும், ஒரு வீட்டுக்கு ஒரு பொருள், கம்பு கூடாது, கல் கூடாது, அடிக்கிறவர் பொருளின் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேர் சொல்லாமல் அடித்தால் அது வெறும் அடி, அதற்கு ஒன்றும் விழாது என்பதைச் சிலர் அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள். பொருள் கிடைத்தவர்கள் வழக்கத்தை மீறவில்லை. ஏழைக்குக் கொடுக்க வேண்டிய ரொட்டியை அவனுக்கே கொடுத்தார்கள், அவனைவிட ஏழை யாரும் பக்கத்தில் இல்லை. அடித்த கையாலேயே ரொட்டியை நீட்டி, “தின்னுல” என்று சொல்லி, அவன் தின்கிறானா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பல் இல்லாததால் அவன் தண்ணீரில் நனைத்துத் தின்றான். அவர்கள் போன பிறகு வேறு ஆட்கள் வந்து மிச்ச ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அது செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வராது.

பக்கத்துக் கரைகளிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார்கள். உப்பளத்துக்காரர்கள் வந்தார்கள், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு அந்தோணியாரை அறியாதவர்களும் வந்தார்கள். சிறிய பொருளுக்கு ஒரு அறை போதும், பெரிய பொருளுக்குக் கூட வேண்டும் என்பது பழக்கத்தில் தெளிவாயிற்று. பித்தளை அண்டாவுக்கு மூன்று. சைக்கிளுக்கு ஐந்து, அது அவன் மேலிருந்து விழவில்லை, ஐந்தாவது அடியில் அவன் சரிந்தபோது அவனுக்குப் பின்னால் அவன் இவ்வளவு நேரமும் சாய்ந்திருந்ததைப் போல நின்றது. வெள்ளாட்டுக்கு ஆறு, ஆடு கத்திக்கொண்டே வந்தது, சொந்தக்காரியை அடையாளம் கண்டு அவளோடு நடந்து போயிற்று. ஒவ்வொன்று விழும்போதும் அவன் உடம்பில் ஏதோ ஓர் இடம் குழிந்தது என்று லில்லி சொன்னாள். கடைசியில் அவனை நிற்க வைக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், அந்த இரண்டு பேருக்கும் முறை போட்டிருந்தார்கள்.

ஜெசிந்தா ஒரு செவ்வாய்கூட அவனை அடிக்கவில்லை. நீயும் ஒரு சின்ன அடி வையேன், செல்லமா, காணாமல் போன உன் நண்டுக் கத்தியாவது வரட்டும் என்று லில்லியே ஒரு தடவை சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  அந்த வாரம் ஜெசிந்தா தம்பியைச் சுமந்து பஸ்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, மண்ணீரல் வீங்கி வெடிக்கிற நிலையில் இருக்கிறது, இடப்பக்கம் ஊன்றி இன்னும் நாலு அடி விழுந்தால் ஆள் மிஞ்சமாட்டான் என்றார். படுக்க வைக்கச் சொல்லிச் சீட்டும் எழுதினார். ஆனால் மாத்திரை இல்லாமல் இரண்டாம் நாளே கஸ்பாருக்கு உடம்பெல்லாம் உதறி எடுத்தது. கஞ்சிச் சட்டி காணவில்லை என்று வார்டில் ஒரு சத்தம் வந்ததும் எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. மூன்றாம் நாள் அவன் எழுந்து நடந்தே சிப்பிக்கரைக்கு வந்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சலேத்தம்மாள் கமிட்டி முன்னால் போய் நின்றாள்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு புயலில் சிப்பிக்கரையின் ஒரு படகு ஒன்பது பேரோடு போயிற்று. பலகை வந்தது, ஆட்கள் வரவில்லை. ஒன்பது பேரில் ஒருவன் சலேத்தம்மாளின் மகன் ரெக்ஸ், ஜெசிந்தாவின் புருஷன். உடல் கிடைக்காததால் கல்லறைத் தோட்டத்தில் ஒன்பது வெறும் சிலுவைகள் நின்றன. சலேத்தம்மாள் அழவில்லை, கத்தவில்லை. கடலில் போன மோதிரம் வந்திருக்கிறது, உயிருள்ள ஆடு வந்திருக்கிறது, அப்படியென்றால் என் மகன் பேரைச் சொல்லி நான் ஏன் கேட்கக் கூடாது என்று மட்டும் கேட்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற எட்டு வீட்டுப் பெண்களும் நின்றார்கள்.

கமிட்டிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், ஆட்டுக்கு ஆறு என்றால் ஆளுக்கு ஐம்பதாவது ஆகும் என்றார். இன்னொருவர், ஒன்பது பேருக்கு என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பெருக்கலை யாரும் வாயால் சொல்லவில்லை. வருகிற செவ்வாய் கடலில் போனவர்களுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. முதல் அடியை ஜெசிந்தா அடிக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. கூடப் பிறந்தவளே ஆரம்பித்தால் நாளைக்கு எவனும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

ஜெசிந்தா ரீகன் மச்சாதின் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “நான் கெட்டவன் இல்லட்டி. ஆனா ஊரப் பொறுத்தவர அவன் களவாணி. அவன் அடிபட்டவன், களவு குடுத்தவன்னு ஸ்டேஷன்ல ஒரு துண்டு ரசீது வாங்கிட்டு வா, இந்த நிமிசமே நிறுத்துதேன். ரசீது இல்லாம நான் அந்த ஒம்பது பொம்பளைங்க முகத்துல எப்படி முழிக்க?” என்றார்.

ஞாயிறு போய்விட்டது. மிச்சமிருந்தது திங்கள் ஒன்று.

திங்கள் காலை அவள் கம்பெனிக்குப் போகாமல் வள்ளத்துக்குப் போனாள். கஸ்பார் விழித்துத்தான் இருந்தான். நாளைக்கு என்ன நடக்கப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேர் வந்து அவன் உயரத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள், கட்டி நிற்க வைக்கக் கம்பம் ஊன்ற வேண்டுமல்லவா.

“நாளைக்கி மச்சான் வந்தா என்னயக் கேட்டதாச் சொல்லு” என்றான்.

“வாயப் பொத்துல. எந்தி, ஸ்டேஷனுக்குப் போறோம்.”

“எதுக்கு, அவனுவளுக்கும் எதுவும் தொலஞ்சு போச்சாமா?” என்று சிரித்தான். சிரித்தால் வலித்தது போல, பாதியில் நிறுத்தி, வேறு குரலில் சொன்னான்: “நீ அடிச்சிருக்கணும்க்கா. எல்லாரும் அடிச்சாச்சு, நீ மட்டும் நல்லவளா நிக்க. உனக்காவது மச்சான் வருவான். எனக்குத் தொலஞ்சத நான் யார அடிச்சுக் கேக்க?”

ஜெசிந்தா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். ரெக்ஸின் முகம் வழியெல்லாம் கூடவே வந்தது என்று அவள் பின்னாளில் லில்லியிடம் சொல்லியிருக்கிறாள். ஈரத் தலையோடு, பசித்த முகத்தோடு, ஒரு வார்த்தை பேசாமல் அவளோடு நடந்து வந்து ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டதாம். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ரைட்டர் அதே மேசையில் இருந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: போர்வை, செருப்பு, பல், பதினோரு தடவை, அதற்குப் பிறகு பதினான்கு செவ்வாய்க்கிழமைகள், நாளைக்கு ஒன்பது பேர். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது என்று லில்லி சொன்னாள். அவளுக்கு ஒரு டீ வரவழைத்தாராம். ஆனால் அவருடைய நியாயம் வேறாக இருந்தது. அவன் மேலிருந்து விழுந்ததெல்லாம் களவுப் பொருள், களவுப் பொருளை மீட்பவர்கள் மேல் எப்படிப் புகார் எழுதுவது. எழுதினால் முதலில் அவனைத்தான் உள்ளே வைக்க வேண்டியிருக்கும் என்றார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். உள்ளே வைக்க வேண்டியிருக்கும் என்ற சொல் அவளுக்கு அப்போதுதான் கேட்டது. உள்ளே இருப்பவனை ஊர் எப்படி நாளைக்குக் கம்பத்தில் கட்டும்?

“அப்ப நான் ஒரு புகார் குடுக்கேன் சார்” என்றாள். “இவன் என் வீட்டுல களவாண்டுட்டான்.”

ரைட்டர் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த கஸ்பார் தலையைத் தூக்கிப் பார்த்தான். என்ன பொருள் என்று ரைட்டர் கேட்டார். அவள் வீட்டில் களவு போகும்படி ஒரு பொருளும் இல்லை, அதனால் அவளுக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. என்றைக்காவது வாங்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுதான் வாயில் வந்தது.

“குக்கர்.”

“எத்தன லிட்டர்?”

“அஞ்சு.”

“என்னைக்கி?”

“போன புதன்கிழம.”

கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நாலு மாதம் அவள் கேட்டும் வராத தாள், வழக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, நகல் இலவசம் என்று சொல்லி அவள் கையில் வந்தது. அவள் அதை மடித்து இடுப்பில் செருகினாள். கஸ்பாரைக் கையைப் பிடித்து எழுப்பி உள் அறைக்குக் கூட்டிப் போனார்கள். அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டே போனான். அவள் வாசல்படியில் உட்கார்ந்து, இனி ஒரு வருடத்துக்காவது அவனுக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது என்று நினைத்து, பல நாள் கழித்து மூச்சை முழுக்க விட்டாள்.

அப்போது உள்ளேயிருந்து ரைட்டரின் குரல் கேட்டது. கோபமான குரல் இல்லை, வேலை முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போக வேண்டிய மனிதரின் குரல். “சிப்பிக்கரக்காரங்க மட்டுந்தான் எடுக்கணுமா, பேரச் சொல்லி ஒண்ணு வச்சா விழுந்துரும், பொருளக் கைப்பத்துனதா மகஜர் எழுதிட்டுப் போயிரலாம்.” பிறகு, “குக்கர்” என்றார். அடி விழுந்தது.

ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

“குக்கர்.” அடி. ஒன்றும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. “கொஞ்சம் பெருசு போல. குக்கர்.” அடி. அண்டாவுக்கு மூன்று, அண்டாவைவிடச் சின்னதுதானே இது என்று யாரோ உள்ளே கேட்டார்கள். “குக்கர்.” அடி. தொலையாத ஒன்றை, இல்லவே இல்லாத ஒன்றை, அவன் எங்கிருந்து உதிர்ப்பான் என்று அவளுக்கு நாலாவது அடியில் புரிந்தது. விழும்வரை அடிப்பார்கள். விழவே விழாது.

உள்ளே ஓடி, குக்கர் பொய், நான் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டு அவனை அவளோடேயே வெளியே அனுப்புவார்கள், நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அவள் உள்ளே ஓடவில்லை. எதிர்ப்பக்கம் ஓடினாள். உச்சி வெயிலில், செருப்பு ஒன்று அறுந்து விழ, கறிக்கடையையும் பஸ் நிறுத்தத்தையும் தாண்டி, பஜாரில் முதலில் கண்ணில் பட்ட பாத்திரக் கடைக்குள் புகுந்து, கையில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டி, கடைக்காரர் திறந்து காட்டி மறுபடி டேப் ஒட்டும்வரை பொறுத்து, அட்டைப்பெட்டியோடு ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்ப ஓடினாள். ஒவ்வொரு அடியையும் ஓடிக்கொண்டே கேட்டதாக அவள் சொல்லியிருக்கிறாள். பஜார் ஸ்டேஷனிலிருந்து அரைக் கிலோமீட்டர். அது கேட்டிருக்க முடியாது. ஆனால் அவள் சொன்ன எண்ணிக்கை பத்தொன்பது, ஸ்டேஷன் கூட்டுகிற பெண் பிற்பாடு லில்லியிடம் சொன்ன எண்ணிக்கையும் பத்தொன்பது.

பெட்டியை ரைட்டரின் காலடியில் வைத்தாள். “கெடச்சிட்டு சார். அவன் படுக்கிற வள்ளத்துக்குள்ள இருந்துச்சு. அவன்தான் வச்சிருந்தான்.”

ரைட்டர் மூச்சு வாங்கிக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். மேலே ஒட்டிய டேப் பிரியாமல் பளபளவென்று இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காமல் விட்டாரா என்று யாராலும் சொல்ல முடியாது. குனிந்து பெட்டியை மேசைக்கு ஏற்றி, கைப்பற்றிய பொருள் என்று எழுத ஆரம்பித்தார்.

கஸ்பார் தரையில் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. பெட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ஏக்கா,” என்றான், “நம்ம வீட்டுல இது எப்ப இருந்துச்சு?”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

அன்று மாலையே நீதிபதி முன்னால் கொண்டுபோனபோது அவனால் நிற்க முடியவில்லை. அவர் ஏன் என்று கேட்டார். கீழே விழுந்துவிட்டதாகக் கஸ்பார் சொன்னான். அவரை ஏமாற்ற முடியவில்லையோ என்னவோ, ஜெயிலுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு என்று எழுதினார். போலீஸ் காவலோடு அன்றைக்கே அறுத்து மண்ணீரலை எடுத்தார்கள். கதவில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் நின்றார். யாரும் அவன் ரொட்டியைப் பிடுங்க வரவில்லை. அவன் பிழைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை சிப்பிக்கரையில் கம்பம் ஊன்றியிருந்தது. ஒன்பது வீட்டுப் பெண்களும் குளித்து, வருகிறவர்களுக்கு மாற்றுவதற்கு உலர்ந்த சட்டையும் இடுப்பில் கட்டச் சாரமும் மடித்து எடுத்துக்கொண்டு வந்து கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சிலர் சோறு ஆக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ரீகன் மச்சாது வந்து, ஆள் ரிமாண்டில் இருக்கிறான், புகார் கொடுத்தது அவன் அக்கா என்று சொன்னார்.

சலேத்தம்மாள் மகனின் சட்டையோடேயே மருமகள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நடுத்தெருவில் நின்று, ஊர் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “ஒரு மாத்திரைக்காரனுக்காக ஒம்பது பேரக் கொன்னுட்ட. அதுல ஒருத்தன் உன் புருசன். ஞாபகம் வச்சுக்கோ.”

“ஞாபகம் இருக்கு மாமி” என்றாள் ஜெசிந்தா.

அதன் பிறகு அவளோடு ஊரில் யாரும் பேசவில்லை. நண்டுக் கம்பெனியில் அவளுக்கு எதிர் ஸ்டூலில் லில்லி மட்டும் உட்கார்ந்தாள். இரண்டு பக்க ஸ்டூலும் காலியாகவே இருந்தன. தெருவில் எது காணாமல் போனாலும், செம்பானாலும் சீப்பானாலும், உன்னால்தான் இனி கிடைக்காது என்று அவள் வாசலில் வந்து திட்டினார்கள். கஸ்பார் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஏழு மாதம் உள்ளே இருந்தான். சிறையில் யாராவது பேர் சொல்லி அடித்தார்களா, எதுவும் விழுந்ததா என்று லில்லிக்குத் தெரியாது. வெளியே வந்த அன்றே அக்காவும் தம்பியும் பஸ் ஏறிவிட்டார்கள். எந்த ஊருக்கு என்பதை லில்லி எனக்குச் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

நான் போய்ப் பார்த்தது இதுதான். போன வருடம் அந்தக் கோர்ட்டில் மனுப்போட்டு, முடிந்துபோன வழக்குகளின் பொருட்களை வைத்திருக்கும் அறைக்கு ஒரு குமாஸ்தாவோடு போனேன். வழக்கு எண்ணை எழுதிய சீட்டு ஒட்டி, மேல் தட்டில், தூசிக்கு அடியில் அட்டைப்பெட்டி இருந்தது. உரியவர் யாரும் கேட்டு வரவில்லை என்று பதிவேட்டில் இருந்தது. டேப் அப்படியே ஒட்டியிருந்தது. குமாஸ்தா தயங்கிவிட்டு, பிறகு என் முன்னால் பிளேடால் கீறித் திறந்தார். ஐந்து லிட்டர் குக்கர், புதிது. அதன் மூடிக்குள் பாத்திரக் கடையின் பில் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த தேதி, திருட்டு நடந்ததாகப் புகாரில் எழுதியிருந்த தேதிக்கு ஐந்து நாள் பிந்தியது.